சாரலில் சாம்பு

தேவன் 1940-களில் ஆனந்த விகடனில் சிருஷ்டித்த துப்பறியும் சாம்பு, பாங்கிக் குமாஸ்தாவாக இருந்து, யுக்தியினால் அல்லாமல் அசட்டுத்தனத்தின் அனுக்கிரகத்தினாலேயே களவுகளைக் கண்டுபிடித்து, இன்ஸ்பெக்டர் கோபாலனின் பக்திக்குப் பாத்திரமானவர். அப்பேர்ப்பட்டவருக்கு உகந்த க்ஷேத்திரம் குற்றாலமே என்பது என் துணிபு. ஆனி, ஆடி மாதங்களில் ஓயாது தூவும் சாரல் அடிச்சுவடுகளையும், பேரருவிக்குப் போகிற ஜனத்திரள் மற்றத் தடயங்களையும் துடைத்துவிடுகிற ஸ்தலத்தில், 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் கண்ட சாஸ்திரம் என்ன செய்யும்? பூதக்கண்ணாடியில் நீர்த்திவலைதான் தெரியும். குளித்தவர் கழுத்துச் சங்கிலியைக் கொண்டுபோனது திருடனா, அருவியா என்று நிர்ணயிக்கவே ஒரு கமிஷன் வேண்டும். அந்தக் கமிஷனும் சீசன் முடியுமட்டும் குளித்துவிட்டுத்தான் அறிக்கை எழுதும். சாம்புவோ வழுக்கி விழுவார்; விழுந்த இடத்தில் சங்கிலி கிடக்கும். பிறகு அருகிலுள்ள தென்காசிக் கோபுரவாசலில் வீசும் பிரசித்தி பெற்ற காற்று பறித்துக்கொண்ட அங்கவஸ்திரத்தைத் துரத்தி ஓடி, அது எவன் முகத்தை மூடிற்றோ அவனைக் கட்டிக்கொண்டு உருள்வார், அவனே திருடன். காற்றின் திசையைக்கூட முன்கூட்டியே கணித்திருக்கிறாரே என்று கோபாலன் மெய்சிலிர்ப்பார்.