பாட்டுக்கு மார்க்

கேள்வி: நண்பர்கள் சிபாரிசு செய்யும் புராக்ரஸிவ் ராக், மெட்டல் பாடல்களை எப்படி எடைபோடுவது?
– வாசகர், மதுராந்தகம்

பதில்: தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' (1973) ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு பழகிய நமக்குப் புதிதல்ல. கிட்டார் தனி வரும்போது நாலுக்குத் தாவும், அங்கேதான் உஷார்!

ட்ரீம் தியேட்டரின் 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' 23 நிமிடம். உங்கள் ஊரில் ரயிலேறிப் போட்டால் முடிவதற்குள் செங்கல்பட்டை நெருங்கிவிடலாம். இறங்கும்போது ஒரு மெட்டாவது வாயில் ஒட்டினால் பாஸ். விரல்வேகம் மட்டுமே நினைவிருந்தால் ஃபெயில். 'பத்து தடவை கேட்டால்தான் புரியும்' என்கிற நண்பருக்கு, பதிலுக்கு ஒரு ராகம் தானம் பல்லவியை அனுப்பிவிடுங்கள். மெட்டல் பாடகர்களின் உறுமல் ஒத்துக்கொள்ளாதா? கர்நாடக சங்கீதத்தை ராக்கோடு இழைக்கும் பெங்களூரு 'அகம்' குழுவிலிருந்து ஆரம்பியுங்கள்.