எந்த வாள், எந்தத் தோள்?

செயின் சோ பற்றி வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: 50 சிசி வாள் வாங்குவதா, 60 சிசி வாங்குவதா? (ஒட்டுசுட்டான்)

பதில்: முதலில் மரத்தைச் சொல்லுங்கள், பிறகு வாளைச் சொல்கிறேன். வேம்பு, பூவரசு, இளந்தேக்கு, விறகு என்றால் 50 சிசி தாராளம். ஸ்டில் எம்எஸ் 261 இந்த அளவு: 3.0 கிலோவாட் சக்தி, 4.9 கிலோ எடை. ஹஸ்குவர்னா 550 எக்ஸ்பி மார்க் 2 அதே சக்தி, 5.3 கிலோ. முதிரை, பாலை போன்றவற்றின் அடிமரத்தை அடிக்கடி அரிபவர் 60 சிசிக்குப் போகலாம். ஸ்டில் எம்எஸ் 362, ஹஸ்குவர்னா 562 எக்ஸ்பி இரண்டும் 3.5 கிலோவாட். முன்னது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல், பின்னது ஆறு கிலோவை ஒட்டி. இவை எல்லாம் பாரும் (செயின் சுற்றி ஓடும் தகடு) செயினும் பூட்டாத, பெற்றோல் ஊற்றாத எடை. வேலைக்குத் தயாராகத் தூக்கும்போது இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோ கூடும்.

கேள்வி: சக்தி கூடினால் நல்லதுதானே? நேரே 70 சிசிக்குப் போனால் என்ன? (மாங்குளம்)

பதில்: அடிமரம் அரியும்போது வாளின் பாரத்தை மரம் தாங்கும். கொப்புக் களையும்போது உங்கள் கை தாங்கும். நாளில் பெரும்பகுதி எந்த வேலையில் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். எம்எஸ் 381 போன்ற 72 சிசி வாள் 3.9 கிலோவாட் தரும், ஆனால் 6.6 கிலோ எடை. 261ஐ விட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கிலோ அதிகம். வெயிலில் நின்று நூறாவது கொப்பை வெட்டும்போது அந்த ஒன்றேமுக்கால் கிலோ என்னவென்று தெரியும். களைத்த கையில்தான் வாள் தவறும்.

கேள்வி: பழைய ஸ்டில் 070 ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? (நெடுங்கேணி)

பதில்: பெரிய குற்றியைக் கிடத்திப் பலகை அரிபவருக்கு அது உதவும். 105 சிசி, 4.8 கிலோவாட், மெதுவாகச் சுற்றினாலும் விடாமல் இழுக்கும். ஆனால் எடை 10 கிலோவுக்கு மேல். அதோடு பழைய வாள்களின் அதிர்வு அப்படியே விரலுக்குள் இறங்கும். வருடக்கணக்கில் அதைப் பிடித்தால் விரல் வெளிறும், மரத்துப்போகும், சிலருக்கு அது மாறுவதே இல்லை. செயின் பிரேக் இல்லாத வாளை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

கேள்வி: கடையில் ‘58 சிசி’ என்று எழுதிய வாள் மிகக் குறைந்த விலைக்கு இருக்கிறது. 60 சிசி வாளுக்குச் சமமா? (கிளிநொச்சி)

பதில்: இல்லை. சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு. சக்தியைச் சொல்வது கிலோவாட். அந்த வகை வாள்கள் பெரும்பாலும் 2.2 முதல் 2.6 கிலோவாட் வரைதான் தரும். 50 சிசி தொழில்முறை வாள் அதைத் தாண்டிவிடும். வளவில் மாதத்தில் ஒருநாள் விறகு அரிய மலிவான வாள் போதும். அதை நம்பித் தினக்கூலித் தொழிலில் இறங்காதீர்கள்.

கேள்வி: ஸ்டில்லா, ஹஸ்குவர்னாவா? ஒரே சொல்லில் சொல்லுங்கள். (வவுனியா)

பதில்: மெக்கானிக். உங்கள் ஊருக்குக் கிட்ட எந்த வாளைத் திருத்தத் தெரிந்தவர் இருக்கிறாரோ, எதற்கு உதிரிப்பாகம் கிடைக்கிறதோ, அதை வாங்குங்கள். புது மொடல்கள் பலவற்றில் காபரேட்டரை மின்னணு முறையே சரிசெய்துகொள்ளும். அருமையான வசதிதான். ஆனால் அது பழுதானால் திருகாணியைத் திருப்பிச் சமாளிக்க முடியாது. கடையில் இன்னொன்றும் செய்யுங்கள். பாரும் செயினும் பூட்டி, தாங்கியில் பெற்றோலும் ஒயிலும் நிரப்பச் சொல்லி, முன்கைப்பிடியில் மட்டும் தூக்கிப் பாருங்கள். மூக்கும் பின்பக்கமும் சமமாக நின்றால் அந்த வாள் உங்கள் மணிக்கட்டுக்கு ஏற்றது. மூக்குக் குத்தினால் பாரைக் குறையுங்கள். 50 சிசிக்கு 16 அங்குலப் பார் அளவானது, 60 சிசிக்கு 18 அல்லது 20.

கேள்வி: புது வாள். ஒரு மாதத்திலேயே இழுவை குறைந்துவிட்டது. எஞ்சின் பிழையா? (அக்கராயன்)

பதில்: எஞ்சினைத் திட்டுவதற்கு முன் மரத்தூளைக் கையில் அள்ளிப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர். மாவாக விழுந்தால் மொட்டை. தேக்கில் மணற்சத்து உண்டு, அது செயினை விரைவில் மழுக்கும். பாலை தன் கடினத்தாலேயே மழுக்கும். ஒவ்வொரு முறை பெற்றோல் ஊற்றும்போதும் ஒவ்வொரு பல்லுக்கும் வட்ட அரத்தால் இரண்டு மூன்று இழுவை கொடுங்கள், உள்ளிருந்து வெளியே, 30 பாகைச் சரிவில். 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீற்றர் அரம். மொட்டைச் செயின் பூட்டிய 60 சிசியை, கூர்ச் செயின் பூட்டிய 50 சிசி வென்றுவிடும்.

கேள்வி: சண்டைக் காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினோம். வாளுக்கு ஊற்றினால் என்ன? (புதுக்குடியிருப்பு)

பதில்: பொருளாதாரத் தடையின்போது வேறு வழியில்லாமல் செய்தது அது. அந்தக் கெட்டித்தனத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் வாளின் எஞ்சின் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம், பதின்மூவாயிரம் சுற்றுச் சுற்றும். மண்ணெண்ணெய் அங்கே தட்டித் தட்டி எரிந்து பிஸ்டனைத் தின்றுவிடும். 92 ஒக்டேன் பெற்றோல் போதும். கம்பனியின் ரூ-ஸ்ரோக் ஒயில் என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். வேறு ஒயில் என்றால் கையேட்டைப் பாருங்கள், பல வாள்களுக்கு 40 கேட்கும்.

கேள்வி: முதிரை அரிந்த அன்று இரவெல்லாம் உடம்பு அரிக்கிறது. ஏன்? (முத்தையன்கட்டு)

பதில்: முதிரைத் தூள் பலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. அந்த மரத்திலேயே உள்ள இரசாயனம்தான் காரணம். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகக்கவசம் போடுங்கள். வேலை முடிந்த கையோடு குளியுங்கள். அந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

கேள்வி: மரத்துக்குள் செல் துண்டு இருக்கிறதா என்று எப்படி அறிவது? (விசுவமடு)

பதில்: 2009 வரை எறிகணை விழுந்த இடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாளைத் தொடக்கூடாது. பட்டையில் மூடி ஆறிய வடு, காரணமில்லாத புடைப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். அரிந்த முகத்தில் நீலக்கறுப்பாகக் கறை தெரிந்தால் இரும்பு பக்கத்தில்தான் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். சிறிய உலோகமானி ஒன்றைக் கூட்டாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். செயினை மாற்றலாம், கண்ணை மாற்ற முடியாது. அடிமரத்தடியில் வெடிபொருள் போல எது தெரிந்தாலும் தொடாமல் விலகி, பொலிசுக்கு 119இல் அறிவியுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணியில் எந்த மரமும் உயிரளவு பெறுமதியில்லை.

கேள்வி: புயலில் சாய்ந்து வளைந்து கிடக்கும் மரத்தை எங்கிருந்து அரிவது? (குமுழமுனை)

பதில்: 2020 டிசம்பரில் புரெவிப் புயல் உங்கள் கரைப்பக்கமாகத்தான் வந்தது, அதனால் இந்தக் கேள்வி மறுபடியும் வரும். வளைந்த மரம் இழுத்த வில். முதலில் நெரிபடும் பக்கத்தில் கொஞ்சம் அரியுங்கள். பிறகு இழுபடும் பக்கத்திலிருந்து மெதுவாக. மாறிச் செய்தால் பார் நெரிபட்டுச் சிக்கும், அல்லது மரம் உங்கள் மீது பாயும். அது தெறிக்கும் பக்கம் நிற்கவே கூடாது.

கேள்வி: என் மகன் மரந்தறிக்கும் வேலைக்குப் போகிறான். வாள் வாங்கித் தரச் சொல்கிறான். என்ன செய்வது ஐயா? (துணுக்காய்)

பதில்: அம்மா, 60 சிசிக்கு வைத்திருக்கும் காசில் 50 சிசி வாங்குங்கள். மிச்சத்தில் தலைக்கவசம், காதுமூடி, செயின் பட்டால் நாரால் சிக்கவைத்து நிறுத்தும் காற்சட்டை, பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். பாரின் நுனியின் மேல்பாதி மரத்தில் முட்டினால் வாள் முகத்துக்கு எகிறும் என்பதை முதல்நாளே ஒரு மூத்த தொழிலாளி காட்டிக் கொடுக்க வேண்டும். தனியே வேலைக்கு விடாதீர்கள்.

கேள்வி: செக்கண்ட் ஹான்ட் வாளுக்கு எதைப் பார்க்க வேண்டும்? (செட்டிகுளம்)

பதில்: எஞ்சினுக்கு முன் பத்திரம். 2019இல் செயின் சோக்களைப் பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்யும்படி அரசு பணித்தது. பதிவும் பற்றுச்சீட்டும் இல்லாத வாள் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். மரம் தறிக்கவும் ஏற்றிச் செல்லவும் அனுமதி தேவையா என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே கேளுங்கள். பனையும் பலாவும் உங்கள் வளவில் நின்றாலும் நினைத்தபடி தறிக்க முடியாது.

கேள்வி: நல்ல வாள் இருந்தால் ஒரு பாலையைச் சாய்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்? (கனகராயன்குளம்)

பதில்: சில நிமிடம். அந்தப் பாலை அவ்வளவு பெரிதாக வளரவோ தலைமுறைகள் போயிருக்கும். ஆகவே நிமிடங்களைக் குறைப்பதை விட மரங்களைக் குறைப்பதில் கெட்டித்தனம் காட்டுங்கள். கூரைக்கு ஆபத்து ஒரு கொப்பால் மட்டும் என்றால் கொப்பை எடுங்கள், அடிமரத்தை விடுங்கள். தறிக்கத்தான் வேண்டும் என்றால் அனுமதியோடு தறித்து, வரும் மாரிக்கு முன் இரண்டு கன்றுகளுக்குக் குழி வெட்டி வையுங்கள். அந்த வேலைக்கு மண்வெட்டி போதும்.