சரக்கு எங்கே கிடைக்கும்?

எண்பதுகளின் பம்பாயில் எங்களுக்குக் கதைச் சரக்குப் பஞ்சமே வந்ததில்லை. மாட்டுங்காவில் உட்கார்ந்துகொண்டு காவிரியைப் பற்றி எழுதினோம். வெளியே சென்ட்ரல் லைன் வண்டி தடதடக்கும். கதைக்குள் மாட்டுவண்டி போகும். கும்பகோணத்தை ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்ததோடு சரி. அதனாலென்ன, திண்ணையும் வெற்றிலைச் செல்லமும் தாமாகவே வந்து விழுந்தன. சென்னைப் பத்திரிகைகளுக்கு அதுதான் பிடிக்கும் என்று எங்களுக்குள் ஒரு தீர்மானம். போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையோடு அனுப்புவோம். தபால்துறை கைவிட்டதில்லை, கதை பத்திரமாகத் திரும்பி வரும்.

விடிகாலையில் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி வரும். கேரியரில் பெரிய பாத்திரம், பக்கவாட்டில் சட்னி, சாம்பார்த் தூக்கு, ஹாண்டில்பாரில் ரப்பர் ஹாரன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் ராவோடு ராவாக அவித்த இட்லி. ஹாரன் சத்தம் கேட்டால் பேனாவை மூடுவேன். நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி கும்பகோணம் போய்விடுவேன்.

எல்லோரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அதே ஊரில் வேலை பார்த்த நாஞ்சில் நாடன், வேலை தேடி பம்பாய் வந்தவனின் பாட்டை 'மிதவை'யில் எழுதினார். 1987இல் 'நாயகன்' வந்தது. தாராவியைப் பார்க்க நாங்களும் டிக்கெட் வாங்கினோம். தோட்டா தரணி சென்னையில் செட் போட்டுத் தேசிய விருது வாங்கிய தாராவி அது. நாங்கள் இங்கே கும்பகோணத்தைக் கட்டினோம். அவர்கள் அங்கே தாராவியைக் கட்டினார்கள். கணக்கு நேராகிவிட்டது.

இப்போது அக்கா மகனின் காலம். செம்பூரில் இருக்கிறான். ஆபீஸ் நேரம் போக ரீல்ஸ். 2020இல் டிக்டாக்கைத் தடை செய்தபோது இடிந்துபோனவனுக்கு, அடுத்த மாதமே ரீல்ஸைக் கொடுத்து இன்ஸ்டாகிராம் கண்ணீர் துடைத்தது. போடுவதற்கு இடம் உண்டு, போடத்தான் ஒன்றுமில்லை. "மாமா, கன்டென்ட்டே சிக்க மாட்டேங்குது" என்று புலம்பி, ஏஐயிடம் யோசனை கேட்டான். 'மாட்டுங்காவில் ஃபில்டர் காபி' என்றது. 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸுக்கு ஞாயிற்றுக்கிழமை போனோம். அதே யோசனை கிடைத்தவர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள்.

டபராவிலிருந்து டம்ளருக்கு ஒரு முழ உயரத்தில் ஆற்றினான். வெளிச்சம் போதவில்லை, மறுபடி ஆற்றினான். நுரை அடங்கி ஆடை படர்ந்தது. பொறுத்துப் பார்த்த சர்வர், "குடிக்கத்தானே வாங்கினீங்க?" என்று இந்தியில் கேட்டார். அன்றைக்கு நடந்ததில் கேட்கும்படியான வசனம் அது ஒன்றுதான். அப்போது பார்த்து கேமராவை அணைத்திருந்தான்.

தாராவிப் பையன்களின் ராப் குழு டோப்படெலிக்ஸை அவனுக்குக் காட்டினேன். இந்தி, மராத்தி, தமிழ் என்று தங்கள் தெருவையே பாட்டாக்கி, 2018இல் ரஜினியின் 'காலா' வரைக்கும் போனவர்கள்.

"இவங்களுக்கு மட்டும் எப்படி மாமா ஐடியா வருது?"

"அங்கேயே குடியிருக்காங்கடா."

"அது எல்லாராலயும் முடியாதே!"

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். புதுக்கோட்டைப் பக்கத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டதிலிருந்து கிராமத்துக்குத்தான் மவுசாம். தாராவி கும்பர்வாடாவில் குஜராத்திக் குயவர்களிடம் மண்சட்டி வாங்கினான். செம்பூர் மொட்டை மாடியில் மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கேமராவைப் பார்த்து "எங்க ஊர் மீன்குழம்பு" என்றான். புகை நாலாவது மாடிக்கு இறங்குவதற்குள் சொசைட்டி செயலாளர் மேலே ஏறி வந்துவிட்டார்.

எங்கள் காலம் எவ்வளவோ மேல். காவிரியையே கொண்டுவந்தோம்; ஒரு குயர் தாளுக்கு மேல் செலவில்லை, அக்கம்பக்கத்தில் ஒருவரும் இருமவுமில்லை.