மிசிசிப்பி இன்னும் தயாராகவில்லை

வாஷிங்டன் பெரிய மனிதர்களுக்கு முதலில் ஒரு மாலை போட்டுவிடுகிறேன். அணுகுண்டு வைத்திருக்கிற தேசத்தை நான்கு வயதுப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். சாதாரணப் பிள்ளைகளா அவர்கள்? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்து எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகள். உடந்தை, சிவப்பு ரோமம் போர்த்திய எல்மோ என்ற பொம்மை. 2025 மார்ச்சில் பொது ஒளிபரப்பை விசாரிக்கக் கூடிய நாடாளுமன்றத் துணைக்குழு, அந்த ஒளிபரப்பை அமெரிக்காவுக்கே விரோதி என்று கூட்டத்தின் தலைப்பிலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கியது. எல்மோ பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினரா என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கேட்டார். கிண்டலுக்குத்தான். ஆனால் அந்த அறையில் எது கிண்டல், எது விசாரணை என்று பிரித்துச் சொல்லத் தனியாக ஒரு கமிட்டி போட வேண்டும்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மே 1 அன்று பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸுக்கும் பொது வானொலியான என்பிஆருக்கும் அரசுக் காசு போகக் கூடாது என்று டிரம்ப் கையெழுத்துப் போட்டார். மறுநாளே, 'ரெடி டு லேர்ன்' என்ற மானியத்தில் மிச்சமிருந்த 2.3 கோடி டாலரைக் கல்வித் துறை நிறுத்தியது. பெயருக்குப் பொருள், 'கற்கத் தயார்'. ஏழைப் பிள்ளைகள் முதல் வகுப்புக்குள் நுழையும்போதே பின்தங்கி நிற்கக் கூடாது என்று, அவர்களுக்கு எழுத்தையும் ஒலியையும் பழக்கும் நிகழ்ச்சிகளுக்குப் பல வருஷமாகப் போய்க்கொண்டிருந்த பணம். ஜூலை 24 அன்று, அரசுக் காசை நிலையங்களுக்குப் பங்கிடும் பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு இரண்டு வருஷத்துக்கென்று ஒதுக்கிய 110 கோடி டாலரையும் சட்டம் போட்டுப் பிடுங்கினார்கள். 1967இல் பிறந்த கழகம், அடுத்த வாரமே கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. அதே ஜூலையில், குடியேறிகளை அடைத்து வைக்கும் முகாம்களுக்கு மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார்கள். கதவைப் பூட்டப் பணம் இருக்கிறது. 'கதவு' என்று எழுத்துக் கூட்டத்தான் பணம் இல்லை.

மே 1 என்ற தேதியில் ஒரு கூத்து இருக்கிறது. 1969இலும் அதே மே 1 அன்றுதான், குழந்தை நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ், பொது ஒளிபரப்புக்கு நிதி கேட்டு செனட் குழு முன்னால் உட்கார்ந்தார். குழுத் தலைவர் பாஸ்டோர் சிடுசிடு ஆசாமி. ரோஜர்ஸ் ஆறேழு நிமிஷம் மெதுவாகப் பேசினார். மனிதர் உருகிப்போய் 2 கோடி டாலருக்குத் தலையாட்டிவிட்டார். உருகக்கூடிய சிடுமூஞ்சிகள் இருந்த காலம்.

அந்த வருஷம் நவம்பர் 10ஆம் தேதி 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொடர் வந்தது. அதை உருவாக்கிய ஜோன் கான்ஸ் கூனி கவனித்தது சின்ன விஷயம். பள்ளிக்கூடமே போகாத வாண்டுகள் பீர் விளம்பரப் பாட்டை வரி பிசகாமல் பாடின. பீரை விற்க முடிகிற தந்திரத்தில் எழுத்தை ஏன் விற்கக் கூடாது? முதல் நாள் நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர்களாக டபிள்யூ, எஸ், ஈ என்ற எழுத்துகளையே அறிவித்தார்கள். சோப்புக் கம்பெனி உட்கார வேண்டிய நாற்காலியில் மூன்று எழுத்துகள்! அமெரிக்க வியாபாரத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் நடந்திருக்குமா தெரியவில்லை. இப்போது பழி தீர்த்துக்கொண்டார்கள்.

1971இல் இன்னொன்று வந்தது, 'தி எலக்ட்ரிக் கம்பெனி'. அதில் ஒரு காட்சி. திரையின் இரு ஓரத்திலும் ஒருவரையொருவர் பார்த்தபடி இரண்டு நிழல் முகங்கள். ஒரு வாயிலிருந்து ஒரு ஒலி புறப்படும், எதிர் வாயிலிருந்து இன்னொன்று. 'ச்' என்று இது, 'இப்' என்று அது. நடுவில் இரண்டும் ஒட்டும். 'சிப்'. அவ்வளவுதான். ச் கூட இ சேர்ந்தால் சி என்று நம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் பலகையில் போட்டுக் காட்டுவாரே, அதேதான். எழுத்துகள் ஒட்டி ஒரு சொல் பிறக்கிற அந்தக் கணத்தில் பிள்ளையின் கண் விரியும். இதில் தேசவிரோதம் எந்த ஃபிரேமில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பவருக்குப் பதக்கமே தரலாம்.

பயனில்லை என்றாவது சொல்ல முடியுமா? கியர்னி, லெவின் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் பழைய ஆன்டெனாக் கணக்கைத் தோண்டினார்கள். அந்நாளில் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு 'செசமி ஸ்ட்ரீட்' சிக்னலே கிடைக்கவில்லை. சிக்னல் எட்டிய ஊர்ப் பிள்ளைகள், வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் போனது கூடுதல். பையன்களிடமும் கறுப்பினப் பிள்ளைகளிடமும் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு வருஷச் செலவு சுமார் 5 டாலர்.

வலதுசாரிகளை மட்டும் திட்டிவிட்டு ஓடிப்போக மனசு வரவில்லை. காசு போதவில்லை என்று 2015இல் 'செசமி' நிர்வாகம் கட்டணச் சேனலான எச்பிஓவிடம் போனபோது என்ன ஒப்பந்தம் போட்டார்கள்? சந்தா கட்டும் வீட்டுப் பிள்ளைக்குப் புது நிகழ்ச்சி சுடச்சுட. இலவச அலைவரிசையை நம்பியிருக்கும் பிள்ளைக்கு ஒன்பது மாதம் கழித்து. ஏழைக்காகவே ஏற்றிய உலை. பந்தியில் ஏழைக்குக் கடைசி இலை. அப்போது நல்லவர்கள் எல்லாம் 'என்ன செய்வது' என்று உச்சுக் கொட்டினார்கள்.

தலைப்பிலிருக்கும் மிசிசிப்பிக்கு வருவோம். 1970 மே. அந்த மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி பிறந்து சில மாதம்தான். அதை நடத்திய ஆணையம் ரகசியமாகக் கூடி, 'செசமி ஸ்ட்ரீட்' இங்கே வேண்டாம் என்று வாக்களித்தது. நிகழ்ச்சியில் வரும் தெருவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாழ்ந்தார்கள், அதுதான் குற்றம். மிசிசிப்பி இதற்கு இன்னும் தயாராகவில்லை என்றார்கள். சட்டமன்றம் கோபித்துக்கொண்டு பணத்தை நிறுத்திவிடுமோ என்ற நடுக்கம் வேறு. உள்ளிருந்த ஒருவரே விஷயத்தை நியூயார்க் டைம்ஸுக்குக் கசியவிட, ஊர் காறித் துப்பியது. சில வாரத்தில் தடை போனது.

தயாராகாத அந்த மாநிலம் பிறகு என்ன செய்தது தெரியுமா? சிங்கக் குடும்பம் ஒன்று நூலகம் நடத்திப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் 'பிட்வீன் தி லயன்ஸ்' தொடரின் தயாரிப்பில், 2005இலிருந்து மிசிசிப்பி பொது ஒளிபரப்பும் கைகோத்தது. தடை போட்ட வீட்டிலிருந்தே எழுத்து புறப்பட்டது.

2025இல் அதே மிசிசிப்பி பொது ஒளிபரப்பு, 24 மணி நேரமும் குழந்தை நிகழ்ச்சி தந்துகொண்டிருந்த இணைய அலைவரிசையை மூட முடிவெடுத்தது. இந்த முறை ஆணையம் கூடித் தடை போட வேண்டிய அவசியமே இல்லை. குழாயைத் தலைநகரத்திலேயே மூடிவிட்டார்கள்.

'கற்கத் தயார்' மானியத்தை ஏன் வெட்டினோம் என்று கல்வித் துறை சொன்ன காரணத்தையும் கேளுங்கள்: 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பணத்தில் 'இன நீதி' கற்பிக்கிறார்களாம். 1970இல் இந்தக் காரணம் வெளியே வர ஒருவர் திருட்டுத்தனமாகப் பத்திரிகைக்குக் கசியவிட வேண்டியிருந்தது. 2025இல் கேட்ட பத்திரிகைக்கெல்லாம் துறையே சொல்லி அனுப்பியது.