கேட்காமலே குரு

பிரேக் டான்ஸ் பயிற்சிக் கூடத்தில் புதிதாக ஒரு பெண் தரையில் கை ஊன்றினால் போதும், இந்தக் 'கேட்காமலே குரு' வந்துவிடுவார். அதுவரை சுவரோரம் உட்கார்ந்து முழங்கால் பேடைச் சரிசெய்துகொண்டிருந்தவர்தான். "ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்று ஆரம்பிப்பார். முக்கால் மணி நேரம் ஓடும். அவள் பழகுவது சிக்ஸ் ஸ்டெப்: கையை ஊன்றிக் கால்களை ஆறு அடிகளில் சுற்றிக் கொண்டுவரும் பாலபாடம். இவர் நடத்துவது விண்ட்மில்: முதுகிலும் தோளிலும் உருண்டு கால்களைச் சுழற்றும் வித்தை. தோளை உருட்டணும், இடுப்பைத் தூக்கணும், காலை விரிக்கணும் என்று அடுக்கிவிட்டு, "இப்பப் பாருங்க" என்று தானே படுத்துச் சுழன்றும் காட்டுவார். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிடும். தரை சரியில்லையாம். அடுத்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி வரலாறு வரும்: 1973 ஆகஸ்ட் 11, டிஜே கூல் ஹெர்க், ஹிப்ஹாப்பின் பிறப்பு. அந்தப் பார்ட்டியை ஏற்பாடு செய்ததே ஹெர்க்கின் சகோதரி சிண்டி கேம்பெல் என்பது மட்டும் இவர் வரலாற்றில் வராது. இதற்குள் மூன்று பாட்டு மாறியிருக்கும். அவள் ஓர் எட்டு வைத்திருக்க மாட்டாள்.

நல்ல மனசு, தெரிந்தவர் சொல்லித்தருவது ஹிப்ஹாப் மரபுதானே என்று இவருக்காகப் பரிந்து பேசுவோர் உண்டு. மரபுதான். ஆனால் நாலடி தள்ளி, நேற்றுச் சேர்ந்த பையன், கைகளையும் தலையையும் ஊன்றி உடலை நிறுத்தும் பேபி ஃப்ரீஸ் போடுகிறேன் பேர்வழி என்று கன்னம் தரையில் மோத விழுகிறான். அந்தப் பக்கம் இவர் தலைகூடத் திரும்புவதில்லை. தேவையைப் பார்த்துப் போகிற உதவி என்றால் முதலில் அங்கேதானே போக வேண்டும்? சைஃபரில், அதாவது ஆடுபவரைச் சுற்றி மற்றவர்கள் நிற்கும் வட்டத்தில், ஒருவர் ஆடும்போது குறுக்கே நுழையக் கூடாது என்பதும் அதே மரபுதான். அங்கே கைகட்டி நிற்பவருக்கு இங்கே மட்டும் கால் நிற்பதில்லை.

பெண்களுக்குக் கைபலம் குறைவு, அதனால்தான் என்பது அடுத்த வாதம். சராசரியில் அது உண்மை. ஆனால் பேபி ஃப்ரீஸில் முழங்கையை விலாவோரம் சரியாகக் குத்தி நிறுத்தினால், எடையில் பெரும்பங்கை எலும்பே தாங்கிக்கொள்ளும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பிரேக் டான்ஸ் போட்டியில் நடுவர்கள் பார்த்தவை ஐந்து: நுட்பம், அசைவுகளின் வளம், செய்நேர்த்தி, இசையோடு இயைதல், புதுமை. பலத்துக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் அமி பெயரெடுத்ததும் வழுக்கிக்கொண்டு ஓடும் கால்வேலைக்காகத்தான்.

மணிக்கட்டைச் சூடேற்றாமல் இறங்காதீங்க என்று இவர் சொல்வதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். வலி ஸ்ப்ரேயையும் முகம் சுளிக்காமல் நீட்டுவார், அதில் குறையில்லை. ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு முதலில் வேண்டியது விழுந்து எழ அவகாசம். கூடத்தில் இருப்பதே ஒன்றிரண்டு பெண்கள். எல்லார் கண்ணும் ஏற்கெனவே அவர்கள் மேல். கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான், அவள் நேரம் மட்டும் தலையாட்டுவதிலேயே போகிறது. பிரதர், அவள் கேட்டால் சொல்லுங்கள். கேட்கும்வரை உங்கள் விண்ட்மில்லின் மிச்ச அரைச்சுற்றைக் கவனியுங்கள்.