திருத்தமும் சீமெந்தும்

2004இல் இலங்கையின் ஜாதிக ஹெல உறுமய கட்சி ஓர் அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலம் கொண்டுவந்தது: பௌத்தம் அரச மதமாக வேண்டும், பௌத்தரிடையே பிற மதங்களைப் பரப்பக் கூடாது. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும், அதன்மேல் மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். சட்டமூலம் அத்தோடு படுத்துவிட்டது.

பாவம், சுற்றுவழியில் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், திருமலை பஸ் நிலையத்தருகே ஓரிரவில் புத்தர் சிலை முளைத்தது. வாக்கெடுப்பு இல்லை, விகிதம் பார்த்தது சீமெந்துக் கலவைக்கு மட்டும்தான். விடிந்தால் ஹர்த்தால், முட்கம்பி, காவல்.

அரசியலமைப்பின் உறுப்புரை 14, மதத்தைப் பகிரங்கமாக வெளிப்படுத்தும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. உறுப்புரை 9, பௌத்தத்துக்கு மட்டும் முதன்மை இடம் தருகிறது. அதே திருமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணித் தேத்தண்ணிக் கடையில் இதைச் சொல்லிப் பாருங்கள். "அது கிடக்கட்டும் தம்பி, பாலம் எத்தினையாம் உறுப்புரை?" என்றுதான் கேட்பார்கள். பாலம் முடியாத அந்தக் களப்பில், 2021 நவம்பர் 23இல் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள்.

இந்த நாட்டில் சிலை வைக்க ஓரிரவு போதும். பாலத்தைப் பற்றிப் பேசத்தான் பிள்ளைகள் சாக வேண்டியிருக்கிறது.