பூஜ்ய ஓமின் அபாவம் பற்றிய ஒரு விசாரணை

உலகில் ஆராய்ச்சிக்கு உரியவை என்று பெரியோர் வகுத்த விஷயங்களின் வரிசையில், இரண்டு உள்ளங்கைகளை அடுத்தடுத்து வைத்தால் மறைந்துபோகிற ஒரு பச்சைப் பலகையும், அந்தப் பலகைக்குக் கிளாக் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் இடம்பெற்றதாக நான் எங்கும் படித்ததில்லை. ஆயினும் என் ஆயுளில் மூன்று முழு நாட்களை இந்தக் கேள்வி விழுங்கியிருக்கிறபடியால், அதை முறைப்படி விசாரித்து எழுதிவைப்பது எனக்குக் கடமையாகவும் பிறருக்கு ஓரளவு பொழுதுபோக்காகவும் இருக்கும் என்று கருதித் துணிகிறேன்.

மரபை ஒட்டி முதலில் லட்சணம் சொல்ல வேண்டும். ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மின்னழுத்தத்தைக் குறித்த கணங்களில் பிடித்துப் பார்த்து, பார்த்த அளவை எண்ணாக எழுதித் தள்ளுவது ஏ.டி.சி. என்னும் சிப்பின் ஸ்வதர்மம். வாங்குகிறவன் அதைத் தன் சொந்தச் சர்க்யூட்டில் போட்டுக் கெடுத்துக்கொள்வதற்கு முன் அதன் குணதோஷங்களைத் தனியே பரீட்சித்துக்கொள்ளட்டும் என்று, மின்சாரத்துக்கு ஓர் இடம், சிக்னலுக்குத் தங்கமுலாம் பூசிய ஓர் எஸ்.எம்.ஏ. முனை, கிளாக்குக்கு அதே போன்ற இன்னொரு முனை, கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் என்று சகல வசதிகளோடும் அமைத்து விற்கப்படுவது ஈவல்யுவேஷன் போர்டு. ஆய்வுக்கூடத்து வழக்கில் ஈவல் போர்டு. பரீட்சிப்பது யார், பரீட்சிக்கப்படுவது யார் என்பதில் அறிஞரிடையே அபிப்பிராய பேதம் உண்டு.

இந்த வம்சத்தின் ஆதி புருஷர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரிஸில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர், குரலை எண்களாக்கி அனுப்பும் முறைக்கு 1938-இல் பிரெஞ்சு பேடண்ட் பதிவு செய்தார். 1954-இல் பெர்னார்ட் கார்டன் என்பவரின் எப்ஸ்கோ கம்பெனி அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த டாட்ராக் என்ற கருவி, வெற்றிடக் குழாய்களின் துணையால் 11 பிட் நுணுக்கத்தில் வினாடிக்கு 50,000 தரம் அளந்தது. எடை 150 பவுண்டு. அதை நகர்த்துவதற்கு ஆள் பலம் தேவைப்பட்டிருக்கும். ஆனால் அதிலிருந்து ஓர் உறுப்பு கீழே விழுந்தால் சத்தம் கேட்டிருக்கும் என்பதை வாசகர் மறக்கலாகாது. நான் சொல்ல வந்த சிப் வினாடிக்கு 12.5 கோடி தரம் அளக்கிறது. அதன் அண்டையில் குடியிருக்கும் உறுப்புகள் விழுந்தால் சத்தமும் இல்லை, தடயமும் இல்லை.

எப்போது பார்க்க வேண்டும் என்று சிப்புக்குச் சொல்வது கிளாக். அலை மேலேறும் ஒவ்வொரு தடவையும் அதற்கு 'இப்போது' என்று ஒரு கட்டளை பிறக்கிறது. மாத்திரைக்கு அளவு வகுத்த தொல்காப்பியர் கண்ணிமையையும் கைந்நொடியையும் எடுத்துக்கொண்டார். வெகு நியாயமான அளவுகள்தாம். ஆனால் ஓர் இமைப்பு வினாடியில் பத்தில் ஒரு பங்கு என்று சிக்கனமாகவே வைத்துக்கொண்டாலும், அதற்குள் நம் சிப் ஒன்றேகால் கோடி தரம் பார்த்து முடித்துவிடுகிறது. இந்தக் கட்டளைகள் முன்பின்னாகத் தடுமாறுவதற்கு ஜிட்டர் என்று பெயர். வித்வான் சுருதி பிசகாமல் பாடியும், தாளம் போடுகிறவரின் கை தள்ளாடுவதால் கச்சேரி கெடுவதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 14 பிட் சிப்புக்குக் கணக்கின்படி எட்டக்கூடிய சிக்னல்-இரைச்சல் விகிதம் 86 டெசிபல். 70 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை அளக்கும்போது கிளாக் சராசரியாக ஒரே ஒரு பைக்கோ வினாடி தடுமாறினால் அது 67 டெசிபலுக்கு மேல் ஏறாது. மூன்று பிட் அம்பேல். ஒரு பைக்கோ வினாடியில் ஒளியே 0.3 மில்லிமீட்டர்தான் போகும், அதாவது ஓர் எள்ளின் தடிப்பைக்கூடத் தாண்டாது.

இவ்வளவு நுட்பமும் எனக்கு மனப்பாடமாக இருந்ததுதான் பின்னால் நேர்ந்த விபரீதத்துக்குக் காரணம்.

போர்டின் மேலேயே 100 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. ஜிட்டர் குறைந்த உயர்ந்த ஜெனரேட்டர் ஒன்றிலிருந்து 125 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை வெளியிலிருந்து கொடுத்தேன். இன்னொரு ஜெனரேட்டரிலிருந்து சிக்னல். இரண்டும் தனித்தனியே திரியாமலிருக்க, ஒன்றின் 10 மெகாஹெர்ட்ஸ் ஆதாரத் துடிப்பை மற்றதன் முதுகில் கேபிளால் கோத்தேன். வைணவ ஆசாரியர்கள் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டு சொல்வார்கள்: குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்கிறது, பூனைக் குட்டியைத் தாய் கவ்விக்கொள்கிறது. கோத்த துடிப்பைப் பற்றிக்கொள்வதற்கென்று ஜெனரேட்டருக்குள் இருக்கும் பேஸ் லாக் லூப் சந்தேகத்துக்கிடமின்றி மர்க்கட கோஷ்டியைச் சேர்ந்தது. தாய்த் துடிப்பு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பற்றிக்கொள்வது குட்டியின் பொறுப்பு. பிறகு, எடுக்கப்போகும் 16,384 சாம்பிள்களுக்குள் அலை மிச்சமில்லாமல் முழுதாக 1311 சுற்றுச் சுற்ற வேண்டும் என்று கணக்கிட்டு, சிக்னலை 10 என்று மொட்டையாக வைக்காமல் 10.002136 மெகாஹெர்ட்ஸில் வைத்தேன். அப்படி வைத்தால், அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் சிகரம் ஊசிபோல ஒரே புள்ளியில் நிற்கும் என்பது சாஸ்திரம். கம்ப்யூட்டரில் கிளாக் என்று எழுதியிருந்த கட்டத்தில் 125 என்று தட்டச்சு செய்தேன்.

சிகரம் 10-இல் நிற்கவில்லை. 12.5-க்குச் சற்று அப்பால், அடிவாரம் இருபுறமும் பரந்து, பொங்கல் பானையைக் கவிழ்த்ததுபோல் உட்கார்ந்திருந்தது. விகிதம் 20 டெசிபல். 86 எங்கே, 20 எங்கே!

இரைச்சல் என்று முடிவு கட்டினேன். முதல் நாள் முழுவதும் இரைச்சலைத் துரத்துவதில் கழிந்தது: கேபிளை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன், மேஜை விளக்கை அணைத்தேன், பிற்பகலில் குளிர்சாதனத்தையும் நிறுத்தச் செய்து சகாக்களின் சாபத்துக்கு ஆளானேன். இரண்டாம் நாள் சிக்னலை 70 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினேன். கிளாக்கின் பாதிக்கு மேற்பட்ட சிக்னல் தன் ஸ்வரூபத்தில் தெரியாமல் கீழே மடிந்து வேறிடத்தில் தோன்றும் என்பது நைக்விஸ்ட் 1928-இல் தொடங்கி ஷானன் 1949-இல் நிலைநாட்டிய கொள்கையிலிருந்து கிடைப்பது. வேதாந்திகளின் கயிற்றரவு விளக்கைக் கொண்டுவந்தால் மறைந்துவிடும். எங்கள் அரவு மறையாது, ஆனால் எந்த மூலையில் சுருண்டிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். 125-இல் 70 போக 55; ஆகவே 55-இல் இருக்க வேண்டும். இருந்ததோ 37.5-இல். பாம்பைக்கூட நம்ப முடியாத காலம் வந்துவிட்டதே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இத்தகைய நெருக்கடியில் ஆய்வுக்கூடத்து மக்கள் பல மதங்களாகப் பிரிவதைக் கண்டிருக்கிறேன். ரிஜிஸ்டர் வாதிகள், சிப்பின் உள்ளே எழுதப்பட்ட எண்களில்தான் எல்லாம் அடக்கம் என்பார்கள். ஜம்பர் வாதிகள் ஸ்தூல சரீரத்தை மட்டுமே ஒப்புவார்கள். எண்ணிக்கையில் பெரியது புனர்ஜன்ம வாதிகளின் கூட்டம்: எதுவாயினும் ஒருமுறை அணைத்துவிட்டுப் போடு என்பது அவர்களுடைய ஒரே மந்திரம், அது வெட்கப்படத்தக்க அளவுக்கு அடிக்கடி பலிக்கவும் செய்கிறது. மூன்று மதங்களையும் முறையே தழுவிப் பார்த்தேன். பானை கவிழ்ந்தபடியே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில், பக்கத்து மேஜையில் சால்டரிங் வேலை பார்க்கும் பெரியவர் டீ கிளாஸோடு வந்து என் பின்னால் நின்றார். மைக்ராஸ்கோப்பின் கீழ் அவர் கை நடுங்கி யாரும் கண்டதில்லை.

"சார், அந்தக் கிளாக் கேபிளைக் கழட்டிட்டுப் பாருங்களேன்."

"கழட்டினா போர்டு நின்னுபோயிடும், அண்ணே."

"நிக்கட்டும் சார். நின்னாத்தானே அது அந்தக் கேபிளை நம்பி ஓடுதுன்னு அர்த்தம்."

கழற்றினேன். திரையில் சிகரம் அசையவில்லை. முடியாட்சி ஒழிந்த செய்தி எட்டாத கிராமம்போல, போர்டு தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாட்களாக நான் கொடுத்த விலையுயர்ந்த 125 மெகாஹெர்ட்ஸ், எஸ்.எம்.ஏ. முனைவரை வந்து வாசலிலேயே நின்றிருக்கிறது. உள்ளே ராஜ்யம் நடத்தியது அந்த 100 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர். கட்டத்தில் நான் தட்டச்சு செய்த 125 போர்டுக்குப் போகவே இல்லை. படத்தின் கீழ்க்கோட்டுக்கு எண் போடுவதற்கு மட்டுமே போயிருக்கிறது. 100-இல் எடுத்ததை 125-இல் எடுத்ததாகப் பாவித்துக் கோடு போட்டால் எல்லாம் ஒன்றேகால் மடங்கு நீளும்: 10 என்பது 12.5 ஆகும். 100-இல் 70 போக எஞ்சிய 30, 37.5 ஆகும். 16,384 சாம்பிள்களுக்குள் அலை 1311 முழுச் சுற்றுக்குப் பதில் 1638-ம் முக்கால் சுற்றும் சுற்றியிருக்கிறது. அந்த முக்கால்தான் பானையின் அகலம். இரைச்சல் எங்குமே இல்லை. பாம்பும் பாவம், தன் கடமையைச் செய்திருக்கிறது.

சப்தப் பிரமாணமாகிய கையேட்டை இப்போதுதான் பயபக்தியோடு திறந்தேன். கிளாக் வரும் பாதை சர்க்யூட் படத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஆசிலேட்டரிலிருந்து வரும் கிளையில் ஒரு ரெசிஸ்டர், மதிப்பு பூஜ்ய ஓம். வெளி முனையிலிருந்து வரும் கிளையில் அதே ரெசிஸ்டருக்கு வரைந்த இடம், அருகில் டி.என்.ஐ. என்ற மூன்றெழுத்து, பொருத்தப்படவில்லை என்று பொருள். தடை செய்வதற்கென்றே பிறந்த ஒன்று தடையே செய்யாமலிருப்பதும், அது இல்லாத இடத்தில்தான் முழுத் தடையும் உண்டாவதும் சிந்திக்கத்தக்கவை. வைசேஷிகர்கள் பதார்த்தங்களை எண்ணுகையில் திரவியம், குணம் முதலிய ஆறோடு நிற்காமல், ஒரு பொருளின் இன்மையாகிய அபாவத்தையும் ஏழாவது பதார்த்தமாகச் சேர்த்தபோது, இல்லாததை எப்படி ஐயா எண்ணுவது என்று மாணவப் பருவத்தில் நான் சிரித்ததுண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அந்த அபாவத்தை லென்ஸ் வழியே கண்ணாரக் கண்டேன்: இரண்டு ஈயத் திட்டுகள், நடுவில் ஒன்றுமில்லை.

பெரியவர் இரண்டு சால்டரிங் முனைகளாலும் ஒரே சமயத்தில் ஒற்றி ரெசிஸ்டரை எடுத்தார். வாங்கிவைக்கிறேன் என்று நான் ட்வீசரை நீட்டியதுதான் பிழை. கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன் போலும்; அது தெறித்து எங்கோ போயிற்று. சத்தமில்லை. இப்போது அபாவம் இரண்டாயிற்று. தரையில் மண்டியிட்டு அரைமணி நேரம் தேடிய பிறகு, பெரியவர் ஒன்றும் பேசாமல் தம் டிராயரிலிருந்து ஒரு காகித நாடாவை எடுத்தார். அதில் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான பூஜ்ய ஓம்கள் இருந்தன. ஒன்றை உரித்து, வெளிக்கிளையில் வைத்து, பற்றவைத்து, ஊதினார்.

போர்டை இணைத்தேன். சிகரம் 10.002-இல் ஊசிபோல் நின்றது. அதோடு திருப்தியடையாமல், அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கிளாக் கேபிளைத் திருகிக் கழற்றினேன். திரை அப்படியே உறைந்து, கிளாக் இல்லை என்று சிவப்பில் ஒரு செய்தி வந்தது. குளிர்சாதனத்தை நான் நிறுத்திய நாளிலிருந்து என்னோடு பேசாமலிருந்த சகாக்கள்கூட எழுந்து வந்து பார்க்கும்படி நாங்கள் இருவரும் சிரித்தோம்.